துணிக்கூரைக்குக் கஞ்சி போட்ட கதை

1

கடற்காக்கையின் எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்து, நன்றாக ஊறியபின் ஒற்றி எடுக்க வேண்டும். சுரண்டினால் நூல் பிரிந்துவிடும். தேய்த்தால் கறை உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அறுவை செய்த முழங்காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, என் வீட்டுக்காரர் ஜெபராஜ் சனிக்கிழமைதோறும் எனக்கு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லித்தருகிறார்.

"நெசவுப் போக்குலயே பிரஷ் போடு, எஸ்தர். வட்டமாத் தேய்க்காத. எத்தன தடவ சொல்லுதேன்."

"ஆமா, கலெக்டர் வாராரு பாருங்க, பாத்துட்டுப் போக."

இங்கே ஸ்காட்லாந்தில், அபர்தீன் துறைமுகத்துக்கு மேலே ஏறும் ஒரு தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் காருக்குத் தகரக் கூரை கிடையாது. துணிக்கூரைதான். பொத்தானை அழுத்தினால் மடிந்து பின்னால் போய் ஒளிந்துகொள்ளும், வானம் தெரியும். தூத்துக்குடியில் உப்பு லாரிமேல் கட்டுகிற தார்ப்பாயை நன்றாகத் தைத்து, கருநீலச் சாயம் ஏற்றி, கண்ணாடி ஜன்னலும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் கூரையைத் திறக்கிற வண்டியை வாங்குகிறவனை என்னவென்று சொல்ல? அப்படி ஒருவருக்குத்தான் முப்பத்தைந்து வருடமாகச் சோறு பொங்கிப் போடுகிறேன்.

இன்றைக்கு நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அக்கா பாக்கியம், எனக்கு மைனி, இந்த வீட்டிலிருந்து போய் இந்த வாரத்தோடு ஒரு வருடம். போனார் என்று எழுதுகிறேன். போகவைத்தது நான். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

2

ஜெபராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்தவர். இங்கேயும் வந்து அதே கிரேன், அதே கிரீஸ். ஓய்வு பெற்ற அன்று, வீட்டிலிருந்த பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை ஓட்டிக்கொண்டு வந்தார். பழைய வண்டி. இரண்டே இருக்கை.

"ரெண்டு சீட்டுதானே இருக்கு?" என்றேன்.

"நாம ரெண்டு பேருதான இருக்கோம்?" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் ஒரே மகள் ஷீபா லண்டனுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை போனில் "ஹாய் மம்" என்பாள். 'அம்மா' எப்போது 'மம்' ஆனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன், நினைவு வரவில்லை. அவளுடைய இருக்கை வண்டியில் இல்லாமல் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை. போகட்டும். மிச்சமிருந்த இரண்டு இருக்கையில் ஒன்று என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி வந்த மறுவருடம் மே மாதம் மைனி வந்தார். எழுபத்தொரு வயது, விதவை. தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருந்தார். மகன் என்றால், ஹாலில் கட்டில் போட இடமில்லை என்று சொல்லிச் சமையலறையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்த மகன். ஆறு மாதத்துக்கு விசா கிடைத்தது. அக்காவை அழைத்துவர விமான நிலையத்துக்கு இவர் கூரையைத் திறந்துவைத்துக்கொண்டு போனார். இரண்டு இருக்கை வண்டியில் மூன்றாவது ஆள் எப்படிப் போவது? நான் வீட்டில் மீன்குழம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தெருவில் வந்து இறங்கும்போது காற்றில் பறந்த முடியைக் கோதிக்கொண்டு மைனி சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் அந்த இருக்கை எனக்குத் திரும்பி வரவில்லை. மைனிக்கு மூட்டுவலி, பஸ்ஸில் ஏற முடியாது. ஆலயத்துக்கு அக்காவும் தம்பியும் வண்டியில். நான் பதினேழாம் நம்பர் பஸ்ஸில். கடைக்கு, கடற்கரைக்கு, ஆஸ்பத்திரிக்கு, எல்லாம் அப்படித்தான். மழையில் நனைந்த கோட்டோடு நான் ஆலயத்துக்குள் நுழையும்போது இரண்டு பேரும் முன்வரிசையில் காய்ந்த துணியோடு உட்கார்ந்து பாட்டுப்புத்தகத்தைப் பிரித்து வைத்திருப்பார்கள். இதில் என்ன இருக்கிறது, வயதானவர்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் என்னிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

3

ஊரில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பஸ்ஸுக்காக மட்டும் ஒரு கிழவியைக் கெடுத்தவள் ஆகிவிடுவேன்.

நான் நாசரேத்துக்காரி. வாத்தியார் மகள், நானும் டீச்சர். கட்டிக்கொடுத்த ஊர் சாத்தான்குளம். எங்கள் பக்கத்து ஆலயங்களில் அப்பமும் கிண்ணத்தில் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறு என்றால் பெண்கள் வெள்ளைச் சேலையில்தான் போவார்கள். அந்த வெள்ளைக்கு ஒரு கணக்கு உண்டு. நீலம் அளவாக முக்கியிருக்க வேண்டும், கஞ்சி விறைப்பாக நிற்க வேண்டும், மடிப்பு கலையக் கூடாது. யார் வீட்டு மருமகள் எப்படி வெளுக்கிறாள் என்பது கிண்ணம் வாங்கப் போகிற வரிசையிலேயே தெரிந்துவிடும்.

கல்யாணமான முதல் திருவிருந்துக்கு நான் வெளுத்த சேலையில் நீலம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பு. எங்கள் வீட்டுத் தண்ணீரில் முக்குவதுபோல முக்கிவிட்டேன், அவ்வளவுதான். வேறு சேலை எடுக்கப் போனவளை மைனி தடுத்தார். அப்போது அவர் பிரசவத்துக்கு வந்து தாய்வீட்டில் இருந்தார்.

"அதயே உடுத்திட்டு வாளா. நாசரேத்துக்காரி வெளுத்த லெச்சணத்த எல்லாரும் பாக்கட்டும்."

உடுத்திக்கொண்டு போனேன். பலிபீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டு, திட்டுப் பட்ட முந்தானையை உள்ளே மடித்துச் செருகினேன். வீட்டுக்கு வந்ததும் மைனி மாமியாரிடம் சொன்னார், "எம்மா, பொண்ணு பாக்கப் போகும்போது கொடியில காயிற துணியப் பாத்துட்டு வந்திருக்கணும்."

ஒரு வருடத்தில் அந்தத் தெருவிலேயே நன்றாக வெளுக்கிறவள் நான்தான் என்று ஆனேன். யாரும் சொல்லவில்லை. மைனியும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

4

ஜூலை மாதம் ஜெபராஜ் ஒரு யோசனையோடு வந்தார். அக்காவை நிரந்தரமாக இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

"ஊருல அவளுக்கு யாருளா இருக்கா? அந்தப் பய சிலிண்டர் பக்கத்துல படுக்கப் போடுதான்."

அதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அது ஊரிலிருந்துதான் போட வேண்டும். ஆனால் நாங்கள் இங்கிருந்து எழுதித் தர வேண்டியவை ஒரு கட்டு. வீட்டில் இடம் இருக்கிறதா, வருமானம் என்ன, அவருக்கு என்ன வியாதி, ஏன் ஊரில் வைத்துக் கவனிக்க முடியாது, எழுத்துமூலம் நிரூபி. இந்த நாட்டில் பாசத்தைக்கூட இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று அடுக்கித்தான் காட்ட வேண்டும். இவருக்கு கிரேனோடு பேசத் தெரியும், தாளோடு பேசத் தெரியாது. வீட்டில் எல்லா விண்ணப்பமும் நிரப்புகிறவள் நான். அந்தக் கட்டும் என் கைக்கு வந்தது. சமையலறை இழுப்பறையில், பாத்திரம் துடைக்கிற டீத்துணிக்கு அடியில் வைத்தேன்.

அங்கேயே கிடந்தது. வாரம் ஒருமுறை கேட்பார். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பேன்.

மைனிக்கும் அது எங்கே கிடக்கிறது என்று தெரியும். டீத்துணிகளைத் துவைத்து மடித்து அடுக்குகிறவர் அவர்தானே. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக வேலை செய்தார். கூனிய முதுகோடு படிக்கட்டைத் துடைத்தார். நான் துவைத்த துணியை மறுபடி அலசினார். ஷீபா ஒரு வாரம் வந்திருந்தபோது அவளுடைய கிழிந்த ஜீன்ஸை, பிள்ளை கிழிந்ததைப் போடுகிறதே என்று, முழங்காலில் அழகாகத் தைத்து வைத்துவிட்டார். அது வேண்டுமென்றே கிழித்து விற்கிற ஜீன்ஸ். ஷீபா என்னைப் பார்த்து, "இவங்க எப்போ போவாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மைனி சிரித்துக்கொண்டே, "சாரி" என்றார்.

இங்கே வந்து அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு வார்த்தைதான். கடையில் தோள் உரசினால் இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் 'சாரி' சொல்வதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. "ஒண்ணுஞ் செய்யாமலே மன்னிப்புக் கேக்கானுவ, பாத்தியா" என்பார்.

ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்குச் சோறுகூட வேண்டாம்ளா. ஒரு மூல போதும்." நான் கேட்காதவள்போல மிக்ஸியைப் போட்டேன்.

5

செப்டம்பரில் ஆலயத்து ஆண்கள் முகாம். இரண்டு நாள். ஜெபராஜ் நண்பர் ஒருவரின் வண்டியில் போனார். போவதற்கு முந்தின நாள் துணிக்கூரையைக் கழுவியிருந்தார். இந்த இடம் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

துணிக்கூரையைக் கழுவுவது என்றால் முதலில் காய்ந்த தூசியைத் தட்ட வேண்டும். பிறகு மெல்லிய தண்ணீர். பிறகு அதற்கென்று விற்கிற சோப்பு நுரையை மென்மையான பிரஷ்ஷால் போட்டு, நுரை ஒரு பொட்டு இல்லாமல் அலச வேண்டும். நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்த பிறகு, கண்ணாடியையும் வண்டியின் பெயின்ட்டையும் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு, தண்ணீர் ஒட்டாத மருந்தை இரண்டு தடவை மெல்லிசாக அடிக்க வேண்டும். அந்த மருந்து அடிக்கிறவரை துணிக்குக் காவல் கிடையாது. எதை ஊற்றினாலும் குடித்துவிடும். நூலை அடைக்கிற எதையும் அதன்மேல் போடக் கூடாது என்று மருந்தோடு வந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதை இவருக்கு வாசித்து, தமிழில் விளக்கியதே நான்தான்.

மருந்தை முகாம் முடிந்து வந்து அடிக்கிறேன் என்று விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மைனி வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். பழைய துணி, கழுவிய பிறகு கொஞ்சம் தொய்ந்துதான் இருக்கும்.

"ஏளா எஸ்தர், இது என்ன இப்படித் தொளதொளன்னு கெடக்கு? தம்பி வாரதுக்குள்ள கஞ்சி போட்டு வெறப்பா வச்சிட்டா அவனுக்குச் சந்தோசமா இருக்கும்லா?"

நான் கையில் காபி டம்ளரோடு நின்றேன். 'ஐயோ மைனி, அது ஆகாது' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி எனக்கு இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது, ஒரு வாய் காபி குடித்தேன்.

"போடலாமே மைனி."

"வடிகஞ்சி போதும்லா?"

"வடிகஞ்சி நிக்காது. ஜவ்வரிசி காய்ச்சித் தாரேன்."

மைனியின் முகம் மலர்ந்தது. "அது ஒனக்குத்தான் தெரியும். நீ வெளுத்த துணி எங்க கெடந்தாலும் தனியாத் தெரியும்ளா."

முப்பத்துநாலு வருடம் கழித்துச் சொன்னார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டுதான் நான் அடுப்படிக்குப் போனேன். போய், நிறுத்தவில்லை. ஜவ்வரிசியை ஊறப்போட்டு, பெரிய சட்டியில் கட்டி தட்டாமல் காய்ச்சி, பழைய துப்பட்டாவில் வடிகட்டிக் கொடுத்தேன். கண்ணாடிபோல இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பதமாகக் கஞ்சி காய்ச்சியதில்லை.

மைனி ஸ்டூல்மேல் ஏறி நின்று, மூட்டுவலியோடு, மத்தியானம்வரை பூசினார். பஸ்ஸில் ஏற முடியாது என்ற அந்த மூட்டுதான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அன்றைக்கு மழை இல்லை. சாயங்காலம் கூரை திருவிருந்துச் சேலை மாதிரி விறைத்து, தட்டினால் டப்டப்பென்று சத்தம் கேட்டது.

இராத்திரி தூறியது. விடியக்காலையில் கடற்காக்கைகள் வந்துவிட்டன.

அபர்தீன் கடற்காக்கை கோழி அளவு இருக்கும். ஆள் கையில் இருக்கிற ரொட்டியைப் பறித்துத் தின்னும். ஊறிக் குழைந்த ஜவ்வரிசியை விடுமா? பத்துப் பன்னிரண்டு, கூரைமேல் வரிசையாக உட்கார்ந்து கொத்தின. மைனி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒன்றை விரட்டினால் இரண்டு வந்து உட்கார்ந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இரண்டு மணிநேரம் அந்தக் கிழவி தெருவில் துடைப்பத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போகவில்லை.

ஜெபராஜ் வந்து இறங்கியபோது கூரையில் மூன்று ஓட்டை. வெள்ளைக் கூழ் கருநீலப் பெயின்ட்டில் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் எச்சம். நடுவில் துடைப்பத்தோடு மைனி.

"என்னக்கா இது? யாரு செஞ்சா?"

மைனி வீட்டுக்குள்ளே பார்த்தார். கதவு திறந்திருந்தது. நான் கஞ்சிச் சட்டியின் அடியில் பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"நாந்தாம்ல கஞ்சி போட்டேன். சாரி தம்பி."

இவர் ஏசினார். தெருவே எட்டிப் பார்த்தது. அதில் எல்லாம் மறந்துவிட்டது, ஒன்றைத் தவிர. "ஒன் மவன் ஏன் ஒன்ன அடுப்படியில படுக்கப் போட்டான்னு இப்பதான் தெரியுது" என்றார்.

மைனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

6

ஒன்பதாம் நாள் மைனி கிளம்பினார். டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொன்னவரும் அவர்தான், மாற்றிக் கொடுத்தவள் நான். இவர் இரண்டாம் நாளே தணிந்துவிட்டார். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல இந்த மனுஷருக்கு வராது. தண்ணீர் குடிக்கிறாயா அக்கா என்று நாலு தடவை கேட்டார், அவ்வளவுதான். கிளம்புகிற அன்று, முழங்கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். எனவே மைனியை விமான நிலையத்துக்கு அந்த இரண்டு இருக்கை வண்டியில் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன்.

மழை. ஓட்டைகளில் டேப் ஒட்டியிருந்தோம். ஒன்று மைனி தலைக்கு நேர்மேலே. அந்த டேப் பிய்ந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. மைனி கைப்பையிலிருந்து டிபன் டப்பாவைக் காலிபண்ணி, மடியில் வைத்து அதில் பிடித்துக்கொண்டார். சொட் சொட்டென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"தெரிஞ்சுதான செஞ்ச?" என்றார்.

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அந்த நோட்டீச தம்பிக்கு நீதான வாசிச்சிக் காட்டுன. நானும் அன்னைக்கு அங்கனதான இருந்தேன். இங்கிலீசுல என்ன எளவு இருந்துதோ, நீ தமிழ்ல சொன்னத கேட்டிருக்கணும், நான் பட்டாணி உரிச்சிக்கிட்டிருந்துட்டேன்." டப்பாவை நேராக்கிப் பிடித்தார். "அந்த நீலச் சேலைக்கா?"

"பஸ்ஸுக்கு," என்றேன்.

"பஸ்ஸுக்கா!" மைனி சிரித்தே விட்டார். டப்பா ஆடித் தண்ணீர் சேலையில் கொட்டியது. "அடப் பாவி மட்ட. சேலைக்குன்னு சொல்லிருந்தாக்கூட ஒரு நாயம் இருக்கும்."

விமான நிலையம் நெருங்கியபோது சொன்னார். நிதானமாக, கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னார்.

"தம்பிட்ட நான் சொல்லல. ஒனக்காகன்னு நெனச்சிராத. அன்னைக்கே சொல்லிருந்தா ஒன்னையும் நாலு ஏச்சு ஏசிருப்பான், ஒரு வாரத்துல ஆறிப் போயிருக்கும். இப்ப அது எங்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போன் போடுவேன். எந்த ஞாயித்துக்கிழம சொல்லுவேன்னு சொல்ல மாட்டேன். நீ பயந்துக்கிட்டே கெட."

சக்கர நாற்காலி தள்ளுகிற பெண் வந்தாள். அவள் கைப்பையை வாங்கும்போது மைனியின் தோளில் லேசாக இடித்துவிட்டது. "சாரி" என்றாள் அந்தப் பெண். மைனி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வார்த்தை. வரவில்லை. டிபன் டப்பாவில் இருந்த மழைத்தண்ணீரை மைனி என் காலடியில் ஊற்றிவிட்டு, டப்பாவைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

7

மகன் வீட்டில் அந்தச் சிலிண்டர் பக்கத்து இடமும் போயிருந்தது, அங்கே ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. மைனி இப்போது நாசரேத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். என் ஊர். நான் வெள்ளைச் சேலை வெளுத்துப் பழகிய ஊர்.

சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்து நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடிக்கும். நான்தான் எடுப்பேன். "நல்லா இருக்கியா எஸ்தர்? கூர எப்படி இருக்கு? சரி, தம்பிட்டக் குடு." கொடுத்துவிட்டு நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். வெங்காயம் உரிப்பேன். உரித்ததையே உரிப்பேன். இவர் சிரித்தால் எனக்கு மூச்சு வரும், பேச்சை நிறுத்தி 'ம்' என்றால் நின்றுவிடும். ஐம்பது ஞாயிறுக்குமேல் ஆகிவிட்டது. அவர் இன்னும் சொல்லவில்லை.

இப்போது என் இருக்கை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. ஓட்டைகளுக்கு இவர் அதே நிறத்தில் துணி வாங்கி ஒட்டுப்போட்டார். மழை பெய்தால் சரியாக என் தலைக்கு மேல் உள்ள ஒட்டில் ஈரம் கசியும். முழங்கால் அறுவைக்குப் பிறகு இவரால் நிற்க முடியவில்லை, கூரையைக் கழுவுவதும் மருந்து அடிப்பதும் என் வேலை ஆகிவிட்டது. "எஸ்தர் எனக்காக அந்தக் கூரையக் கண்ணுபோலப் பாத்துக்கிடுதா" என்று ஆலயத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் பாட்டுப்புத்தகத்தில் பக்கம் தேடுவேன்.

போன ஞாயிறு இவர் பேசி முடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆறு நாள் மனதுக்குள் வைத்திருந்தார். இன்று காலை, நான் கூரையில் முதல் பூச்சு மருந்து அடித்துக் காயவிட்டிருக்கும்போது நாற்காலியிலிருந்து சொன்னார்.

"அக்காவ மறுபடி வந்துரச் சொன்னேம்ளா. நான் ஏசுனது தப்புன்னும் சொல்லிட்டேன். அந்தப் பாரத்த நெரப்பி அனுப்புவோம், நிரந்தரமா வந்துருன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"வாரேன்னு சொல்லுதா. ஆனா ஒங்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணுமாம். அன்னைக்குப் போட்டது வடிகஞ்சியா ஜவ்வரிசியான்னு எஸ்தர்ட்டக் கேளு, அவ சரியாச் சொல்லிட்டா நான் வாரேன், இல்லன்னா வரலன்னுட்டா." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "கஞ்சி போட்டவ அவ. ஒனக்கு எப்படிளா தெரியும்? வயசாயிட்டுல்லா, என்னமோ பேசுதா."

நான் மருந்துக் குப்பியைக் குலுக்கினேன். ஒரு சொல்தான். சொன்னால் அவர் வருவார், அந்த இருக்கையில் உட்காருவார், இவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஆறு நாளாக அந்தக் கிழவி அந்த இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பதும் தெரியும். என்னை அடிக்க வைத்திருந்த ஒரே கம்பை என் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

"அதத்தான நானும் சொன்னேன்," என்றார்.

இரண்டாவது பூச்சு அடித்தேன். காய்ந்ததும் இவர் ஒரு கப் தண்ணீரை மேலே தெளிக்கச் சொன்னார். தெளித்தேன். முத்துமுத்தாக உருண்டு ஓடியது. ஒரு துளிகூட உள்ளே இறங்கவில்லை. "பிரமாதம்ளா" என்று கை தட்டினார். நாளைக்கு ஞாயிறு. மைனியிடம் இவர் சொல்லிவிடுவார், அவளுக்குத் தெரியலையாம் என்று.

நான் இதை அனுப்புகிற இந்தப் பத்திரிகையை அந்த இல்லத்தில் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு ஒரு டீச்சர் சத்தமாக வாசிக்கிறார்களாம். மைனிதான் ஒரு ஞாயிறு சொன்னார், முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாராம். இவர் இதை வாசிக்கிற வழக்கமில்லை. இருந்தாலும் எனக்குப் பயம். அதனால் பெயர்களை மாற்றிவிட்டேன். நாங்கள் இருக்கிற ஊரை மாற்றிவிட்டேன். கூரையின் நிறத்தையும் மாற்றிவிட்டேன்.

ஜவ்வரிசியை மட்டும் மாற்றவில்லை, மைனி.